கடலோர வீட்டுக்குப் புது சிங்க்: அளவெடுப்பது முதல் தண்ணீர் விட்டுப் பார்ப்பது வரை

தொண்டி, தேவிப்பட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையோரத்தில் சமையலறை சிங்க் சீக்கிரம் கெடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஜன்னல் வழியே வரும் உப்புக் காற்று, போர் குழாயில் வரும் உப்புத் தண்ணீர், தினமும் கழுவும் மீன். மூன்றும் முதலில் கை வைப்பது கண்ணில் படாத இடத்தில்தான். மேலே சிங்க் பளபளவென்று இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் சிங்க்கைக் கல்லோடு பிடிக்கும் கிளிப்புகள் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், தண்ணீர் வடியும் ஓட்டையில் மாட்டிய கப்ளிங்கின் நட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், கல்லின் அடிப்பக்கம் நனைந்தே கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சிங்க்கின் அழகைவிட அதன் அடிப்பக்கத்துக்கே அதிக இடம். நீங்களே பொருத்தினாலும், பிளம்பரை வைத்து மேற்பார்வை பார்த்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போகுமுன் மேடையை அளந்துவிடுங்கள். வழக்கமான கிரானைட் மேடை 24 இஞ்ச் அகலம், 18 மில்லிமீட்டர் கனம். பழைய வீடுகளில் கடப்பா கல்லாக இருக்கும், இன்னும் சற்றுக் கனம். 24 இஞ்ச் மேடைக்கு 24×18 அளவு ஒற்றைத் தொட்டி சரியாக உட்காரும். முன்பக்கம் குறைந்தது இரண்டரை இஞ்ச் கல் மிஞ்ச வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கல் உடைவதெல்லாம் அந்த முன்பக்கப் பட்டையில்தான், அதுவும் வெட்டின மூலையிலிருந்து தொடங்கி.

ஆழம் 8 இஞ்ச்சா, 9 இஞ்ச்சா, 10 இஞ்ச்சா? மீன் கழுவும் வீட்டுக்கு ஆழம் நல்லது, தண்ணீர் மேலே தெறிக்காது. ஆனால் மேடை தரையிலிருந்து 33 இஞ்ச் என்றால் 10 இஞ்ச் தொட்டியின் அடித்தட்டு 23 இஞ்ச் உயரத்துக்கு இறங்கிவிடும். தினமும் பாத்திரம் துலக்குகிறவர் முதுகுக்கு அது ஆகாது. வீட்டில் அதிகம் துலக்குபவரை நேராக நிற்கச் சொல்லி, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அவர் விரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடித்தட்டு அந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு தொட்டி சிங்க் பார்க்க வசதிபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சிறிதாகி, பெரிய சட்டி எதிலும் அடங்காது. ஒரே பெரிய தொட்டியையே பரிந்துரைக்கிறோம்.

எந்த எவர்சில்வர்?

கடையில் எல்லாமே ‘எஸ்.எஸ்.’தான். 304 என்பது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது, விலை குறைவு. உள்நாட்டு ஊர்களில் 202 பல வருடம் தாங்கும். இங்கே உப்பு பட்டால் ஊசிமுனை அளவில் கரும்புள்ளி விழும், பிறகு அந்தப் புள்ளி குழியாகும். 316 என்பதில் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பில் குழி விழுவதை அது நன்றாகத் தடுக்கும். அலைச் சாரல் ஜன்னலில் படுகிற தூரத்தில் வீடு இருந்தால் 316 தேடி வாங்கலாம். மற்றவர்களுக்கு 304 போதும், ஆனால் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, 304தான்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். 202இலும் காந்தம் ஒட்டாது. அதே சமயம் அச்சில் அழுத்தி வளைத்த நல்ல 304 தொட்டியின் மூலையில் லேசாக ஒட்டக்கூடும். காந்தத்தால் கண்டுபிடிக்க முடிவது 430 போன்ற மலிவு ரகத்தை மட்டும்தான். பில்லில் ‘304’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. சிங்க்குக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13983, அட்டைப் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டுக் கனம் 1 மில்லிமீட்டர் இருக்கட்டும். 0.6, 0.7 என்றால் அடித்தட்டு அமுங்கி, கப்ளிங்கைச் சுற்றித் தண்ணீர் தேங்கும்.

சிங்க்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கூடை வைத்த வேஸ்ட் கப்ளிங் ஒன்று. வடிகட்டிக் கூடையைத் தனியாகக் கையில் தூக்க வருகிற ரகமாக இருக்க வேண்டும். ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும் பகுதி) ஒன்று, அதற்கு ஏற்ற பைப்பும் எல்போவும். 280 மில்லி நியூட்ரல் சிலிக்கான் ஒரு டியூப், ஒரு சிங்க்குக்குத் தாராளம். டெஃப்லான் டேப் இரண்டு சுருள். ஒரு குழாய்க்கு ஓர் ஆங்கிள் வால்வு, ஒரு கனெக்‌ஷன் ஹோஸ். சுவரிலேயே பொருத்தும் குழாய்க்கு இவை இரண்டும் வேண்டாம். துருப்பிடிக்காத 304 ஸ்க்ரூவும் கிளிப்பும். சிங்க் பெட்டியில் வரும் கிளிப் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. இந்தக் காற்றில் அது தாங்காது. அதைத் தூக்கி வைத்துவிட்டுத் தனியாக வாங்குங்கள்.

சிலிக்கானில் கவனம் வேண்டும். திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் ரகம். அது உலோகத்தை அரிக்கும், சில கற்களில் கறை விடும். வாடையில்லாத நியூட்ரல் ரகம் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதுதான் வேண்டும்.

கம்பி வலை போர்த்திய ஹோஸையும் இங்கே தவிர்க்கலாம். உப்புக் காற்றில் அந்தக் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும், ஒரு நாள் உள்ளே இருக்கும் ரப்பர் வெடிக்கும். சிங்க்கின் அடியில் பிளீச்சிங் பவுடர் டப்பா வைக்கிற வீடுகளில் இன்னும் சீக்கிரம். பி.வி.சி. அல்லது நைலான் வலை போட்ட ஹோஸ் வாங்குங்கள். குழாயிலும் அப்படித்தான். குரோம் பூசிய மலிவுக் கலப்பு உலோகக் குழாய் இங்கே செதில் செதிலாக உரியும். உப்புத் தண்ணீர் வரும் பக்கத்துக்கு பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாயே போதும், அது துருப்பிடிக்காது. நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்கு கனமான பித்தளைக் குழாய் போடலாம்.

கல்லை வெட்டும் நாள்

மொத்த வேலையில் திருத்த முடியாத கட்டம் இது ஒன்றுதான், ஆகவே நேரம் கொடுங்கள். சிங்க் பெட்டியில் காகித அச்சு இருந்தால் அதை ஒட்டி வரையலாம். இல்லாவிட்டால் சிங்க்கைக் கவிழ்த்து வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் வெட்டினால் சிங்க் உள்ளே விழுந்துவிடும். அதற்கு உள்ளே 12 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது கோடு போட்டு, இரண்டாவது கோட்டில் வெட்டுங்கள். வெட்டுமுன் தொட்டியின் வெளிச்சுற்றும் கிளிப்பும் அந்த ஓட்டைக்குள் இறங்குமா என்று ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.

நான்கு மூலையிலும் முதலில் ஒரு இஞ்ச் கோர் பிட்டால் (வட்டமாகத் துளை போடும் பிட்) துளை போட்ட பிறகே நேர்க்கோடு. நேராகவே வெட்டி மூலையில் பிளேடைத் தாண்டவிட்டால், அந்தக் கீறலிலிருந்து பிறகு விரிசல் ஓடும். டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷினில் ஒரே தடவையில் இறக்காமல் மூன்று, நான்கு ஓட்டமாக ஆழப்படுத்துங்கள். கிரானைட் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகமூடி கட்டாயம். தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசி அடங்கும், ஆனால் கையில் மின்சார மெஷின். ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பில் மட்டும் செருகி, ரப்பர் செருப்போடு நில்லுங்கள்.

வெட்டும் துண்டுக்கு அடியில், தரையிலிருந்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். முட்டு இல்லாவிட்டால், கடைசி இரண்டு இஞ்ச் மிச்சம் இருக்கும்போது நடுத்துண்டு தன் எடையில் சாயும், சாயும்போது முன்பக்கப் பட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு முறியும். டப்பென்று ஒரு சத்தம், அத்தோடு மேடை போயிற்று. முன்பக்கக் கோட்டை முதலில் வெட்டிவிட்டு, பின்பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வதும் நல்லது.

சிங்க்குக்கு இரண்டு பக்கமும், ஓட்டையிலிருந்து மூன்று இஞ்ச்சுக்குள், மேடையைத் தாங்கும் நிறுத்துக் கல் இருக்க வேண்டும். 24×18×9 தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் ஏறக்குறைய 50 லிட்டர், அதாவது 50 கிலோ. அதற்குமேல் குடம் வேறு. இரும்பு ஆங்கிள் வைத்துத் தாங்கவிட்டால் துருப்பிடித்து, துரு பெருத்துக் கல்லை நெம்பும். கடப்பா கல்லோ செங்கல் கட்டோ பல காலம் நிற்கும். அடியில் அலமாரி வைப்பதானால் பிளைவுட் வேண்டாம், பி.வி.சி. பலகை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிளைவுட் ஊதிவிடும்.

பொருத்துவது

கப்ளிங்கை சிங்க் வெளியே இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். மேடையில் இறக்கிய பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு மாட்டினால் நேராக உட்காராது. மேலிருந்து வரும் வளையத்துக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் வளையம் ஒன்று. தகட்டுக்குக் கீழே ரப்பர் வாஷர், அதற்குக் கீழே வழுவழுப்பான பிளாஸ்டிக் வாஷர், பிறகு நட்டு. இந்த வரிசை மாறினால் நட்டு திருகும்போது ரப்பரும் கூடவே சுழன்று மடங்கி ஒழுகும். கையால் இறுகும் வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். இங்கே ஒழுகலை நிறுத்துவது ரப்பர் வாஷர், டெஃப்லான் அல்ல. எம்-சீல் வைத்து அடைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், பிறகு கழற்றவே முடியாது.

அடுத்து கல்லைத் துடைப்பது. பலரும் விட்டுவிடும் படி இது. வெட்டின பிறகு ஒரு நாள் கிடந்தாலும் கல்லின்மேல் உப்பும் தூசியும் படிந்துவிடும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் தெரியும். அந்தப் படலத்தின்மேல் சிலிக்கான் ஒட்டாது, ஒட்டினதுபோல் தெரிந்து ஆறு மாதத்தில் தோல்போல உரிந்து வரும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, காயவிட்டு, கடைசியாக ஸ்பிரிட்டால் ஒரு முறை. சிங்க் விளிம்பின் அடிப்பக்கத்தையும் அப்படியே.

வெட்டின ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி, 5 மில்லிமீட்டர் பருமனில், எங்கேயும் அறாமல் ஒரே கோடாக சிலிக்கான் போடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து சிங்க்கை நேராக இறக்குங்கள், இழுத்து நகர்த்தக் கூடாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கிளிப்புகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிதுங்கி வரும் சிலிக்கானை சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிடலாம். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

சிலிக்கானுக்குப் பதில் வெள்ளைச் சிமெண்ட் வைத்தால் என்ன என்று கொத்தனார் கேட்பார். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடித்து ஊற்றும்போது 24 இஞ்ச் எவர்சில்வர் தகடு அரை மில்லிமீட்டர் வரை நீளும், கிரானைட் அவ்வளவு நீளாது. சிமெண்ட் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். அந்த விரிசலில் மீன் கழுவின தண்ணீர் இறங்கினால் பிறகு எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது.

கழிவுக் குழாய்

பழைய வீடுகளில் சிங்க்கிலிருந்து நெளிநெளியான வேஸ்ட் பைப்பை இறக்கி, சுவரடி ஓட்டையில் சொருகிவிட்டிருப்பார்கள். கரப்பான், எலி எல்லாம் வீட்டுக்குள் வரும் வழி அதுதான். நெளிவு மடிப்பு ஒவ்வொன்றிலும் கொழுப்பு தங்கும். சாதாரண வழவழப்பான பி.வி.சி. பைப்பும் ட்ராப்பும் போடுங்கள். ட்ராப்பில் எப்போதும் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிற்கும், வாடையையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

பாட்டில் வடிவ ட்ராப் இடத்தை அடைக்காது. ஆனால் சூடை, விளமீன், நகரை என்று செதில் உள்ள மீன் அடிக்கடி வாங்கும் வீட்டுக்கு வளைந்த பி ட்ராப்பே மேல். பாட்டிலுக்குள் தண்ணீர் சுழன்று நிற்கும் இடத்தில் செதில் அடுக்கடுக்காகப் படியும், மேலே கஞ்சியும் கொழுப்பும் சேர்ந்தால் அடைப்புத்தான். எதைப் போட்டாலும் அடியில் கையால் திருகித் திறக்கும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் பைப் நுழையும் இடம் தரையிலிருந்து 14, 15 இஞ்ச் உயரத்தில் இருந்தால் 9 இஞ்ச் தொட்டிக்கும் ட்ராப்புக்கும் ஒத்துவரும். வாட்டம் ஒரு அடிக்குக் கால் இஞ்ச், நாலு அடி ஓடினால் ஒரு இஞ்ச் இறக்கம். ரசமட்டத்தில் பார்க்காமல் கண்மட்டத்தில் விடாதீர்கள். நடுவில் தொய்வு இருந்தால் கறி மீனோடு வந்த மணல் அங்கேயே தங்கும். சுவருக்கு வெளியே 75 மில்லிமீட்டர் பைப்பாக மாற்றுங்கள். எல்போ போடும் இடத்தில் ஒரே 90 டிகிரிக்குப் பதில் இரண்டு 45 டிகிரி. ஒட்டுமுன் பைப் முனையை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பசை தடவி, கால் திருகு திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மழை ஈரத்தில் பசை காய அதிக நேரம் எடுக்கும்.

வெளியே ஒரு அடிக்கு ஒரு அடி சின்னத் தொட்டி கட்டி ஜல்லடை வையுங்கள். எண்ணெயும் செதிலும் அங்கே நின்றுவிடும், வாரம் ஒரு முறை அள்ளிப் போடலாம். அங்கிருந்து தண்ணீரை தென்னைக்கோ வாழைக்கோ விடலாம், அல்லது உறிஞ்சு குழிக்கு. செப்டிக் டேங்குக்கு வேண்டாம். இந்த மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், நல்ல தண்ணீர் ஊற்றும் அதிக ஆழத்தில் இல்லை. ஆகவே குடிக்கிற கிணற்றிலிருந்து குழி 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டு தண்ணீர், இரண்டு குழாய்

துலக்க உப்புத் தண்ணீர், சமைக்கக் காவிரித் தண்ணீர் அல்லது விலைக்கு வாங்கின தண்ணீர் என்று பெரும்பாலான வீடுகளில் இரண்டு லைன் உண்டு. இரண்டையும் ஒரே மிக்சர் குழாயில் சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்தால், உயரத்தில் இருக்கும் டேங்கிலிருந்து தாழ்ந்த டேங்குக்குத் தண்ணீர் தானே ஓடும். உப்பு டேங்க் மேலே இருந்தால் நல்ல தண்ணீர் கெட்டுவிடும். தனித்தனிக் குழாயாக, கைப்பிடி நிறத்தில் வித்தியாசம் தெரிகிற மாதிரி வையுங்கள். குழாயின் வாய் மேடையிலிருந்து 10, 12 இஞ்ச் உயரம் இருந்தால் தொட்டிக்குள் குடத்தை நிமிர்த்தி வைத்துப் பிடிக்கலாம். தாழ்வாக வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் குடத்தைச் சாய்த்துப் பிடிப்பது பெரிய இம்சை.

அரை இஞ்ச் மரையில் டெஃப்லான் 10, 12 சுற்று. மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்து வந்துவிடும்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

ஒரு நாள் கழித்து, சிங்க்கின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும், எந்த மூட்டு என்றும் அந்த இடமே காட்டிவிடும். பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ட்ராப்பும் மூட்டுகளும் முழு வேகத்தில் ஓடும்போதுதான் சோதனையாகும். தண்ணீர் வடிந்து முடியும்போது ‘களக், களக்’ என்று நெடுநேரம் சத்தம் வந்தால் வாட்டத்தையும் வெளி பைப்பையும் மறுபடி பாருங்கள்.

டைல்ஸ் வேலை பாக்கி இருந்தால் அது முடிந்த பிறகே சிங்க்கை வையுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டின் புகை மட்டுமே புது எவர்சில்வரைப் பழுப்பாக்கிவிடும், சொட்டு விழுந்தால் குழி.

முதல் மாதத்தில் துருப் புள்ளி கண்டால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் அது கம்பி நாரின் துணுக்கோ, ஈரத்தோடு கவிழ்த்து வைத்த தோசைக்கல்லோ, அரிவாள்மனையோ விட்ட துரு. சமையல் சோடாவைக் குழைத்து, தகட்டின் கோடு ஓடும் திசையில் தேய்த்தால் போய்விடும். விட்டுவைத்தால் அதன் அடியிலேயே குழி விழத் தொடங்கும். இரவு கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்பு அங்கேயே நிற்கும்.

வடிகஞ்சியை சிங்க்கில் ஊற்றுவதானால் கூடவே இரண்டு சொம்பு தண்ணீர். மீன் கழுவும்போது கூடையை எடுத்துவிடாதீர்கள். செதிலையும் குடலையும் கையால் அள்ளிக் குப்பையில் போட்ட பிறகே அலசுங்கள். குழாய் வாயில் உப்பு அடைத்துத் தண்ணீர் சிதறினால் வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ட்ராப்பின் அடியில் வாளியை வைத்து, மூடியைத் திறந்து, சேர்ந்த மணலையும் செதிலையும் கொட்டிவிட்டு, மூடியின் வாஷர் பள்ளத்தில் மணல் இல்லாமல் துடைத்துப் பூட்டுங்கள்.